காய்ந்த ஊரிலிருந்து வந்த காய்ச்சல்

“...ஒரு சின்னப் பிள்ளைக்கு ஒரு நேரத்துக்கு ஒண்டு காணுமாம். அப்ப இது நாலு நேரத்துக்குக் காணும், என்ன?” என்றாள் வதனி.

வதனி என் மனைவி. ரைன் ஆற்றோரம் இருக்கிற கூர் நகரத்தில், எங்கள் வீட்டுக் குசினி மேசையில், கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. உள்ளங்கையில் நாலு மஞ்சள் குளிசைகள். மலேரியாவுக்குத் தந்த மருந்தில் கடைசி நேரத்துக்கு உரியவை. முன்னால் ஒரு கிளாஸ் பால் இருந்தது. வயிற்றில் கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் அந்த மருந்து உடம்பில் சேரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அந்த நாலும் ஒரு பிள்ளைக்குப் போதுமா என்று அவள் ஏன் கேட்டாள் எனச் சொல்வதற்கு நான் சில கிழமைகள் பின்னுக்குப் போகவேண்டும். கோயில் மண்டபத்தில் கண்டவர்கள் எல்லாம், “அண்ணை, பாலைவனத்தில நுளம்போ? பகிடி விடுறியளோ?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று சொல்லி முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தண்ணீர்க் குழாய் பொருத்துகிறவன். படித்து வந்த தொழில் இல்லை. பார்த்துப் பழகினது. கூரில் ஒரே பட்டறையில் இருபத்தொன்பது வருசம். பட்டறைத் தலைவரான என் பழைய மைஸ்டர் ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் ஒரு சின்னச் சங்கம் தொடங்கினார். கென்யாவின் வடக்கே, மழை என்பதையே மறந்துபோன ஒரு ஊர். ஆறு மட்டும் ஓரமாக ஓடுகிறது. அந்த ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, குழாய் போட்டு, சோளம் விளைவிக்க உதவுவதுதான் சங்கத்தின் வேலை. நான் என் லீவில் இரண்டு தரம் போய் வந்தேன். மூன்றாம் தரம், இந்தத் தை மாதம், வதனியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். லீவு என்றால் மற்றவர்களுக்கு இத்தாலிக் கடற்கரை. எங்களுக்குச் செம்புழுதி.

ஆனால் அவளுக்கு அந்த ஊர் பிடித்துப்போய்விட்டது. அக்கீரு என்று ஒரு பெண்ணோடு ஒட்டிக்கொண்டாள். இவள் தமிழில் கதைப்பாள், அவள் தன் பாஷையில் கதைப்பாள், இருவரும் சிரிப்பார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு பேரும் வாய்க்கால் கரையில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு இருப்பார்கள். அக்கீருவின் மடியில் அவளுடைய ஒன்றரை வயதுப் பிள்ளை இருக்கும். நான் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டேன். “பாலைவனத்தில் பச்சை” என்று கீழே எழுதினேன். பெருமைதான், வேறென்ன?

போவதற்கு முன் பயண மருத்துவரிடம் மலேரியா வராமல் தடுக்கும் குளிசை வாங்கியிருந்தோம். நாளுக்கு ஒன்று. திரும்பி வந்த பிறகும் ஏழு நாளைக்குக் கட்டாயம் போடவேண்டும் என்று அவர் இரண்டு தரம் சொன்னார். இங்கேதான் எங்கள் ஆட்களின் ஒரு பழக்கம் குறுக்கே வந்தது. எங்கே போனாலும் திரும்புகிற அன்று பையை அங்கேயே கவிழ்த்துவிட்டு வருவோம். சேர்ட், சவர்க்காரம், செருப்பு, மிச்ச மருந்து எல்லாம் அந்த ஊருக்கு. வெறும் பையோடு வந்தால்தான் மனம் நிறையும். கடைசி நாள் காலையில் அக்கீருவின் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. நான் எங்கள் இருவருடைய மிச்சக் குளிசைகளையும் எடுத்து வெளியே வைத்தேன்.

“இஞ்சேருங்கோ, இன்னும் ஏழு நாளைக்குப் போடச் சொன்னவையெல்லோ?”

“வதனி, இந்தப் புழுதிக்குள்ள எத்தினை நுளம்பைக் கண்டனீர்? வன்னியில எங்களுக்கு வராத மலேரியாவோ? ஒருக்கா வந்த உடம்புக்குத் திரும்ப வராது.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். தன் கையாலேயே குளிசைகளைக் கொண்டுபோய் அக்கீருவின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். பாத்திரம் அறிந்து பிச்சை இடு என்பார்கள். எங்களுக்குப் பாத்திரமும் தெரியவில்லை, போடுவது என்னவென்றும் தெரியவில்லை. அது வருமுன் தடுக்கிற மருந்து. பெரியவர்கள் அளவு. காய்ச்சல் வந்த குழந்தைக்கு அதை அப்படிக் கொடுக்கக் கூடாது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கூருக்குத் திரும்பி வந்து பத்தாம் நாள் வதனிக்குக் குளிர் பிடித்தது. மாசி மாதம். பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் இருமுகிற காலம். அவளுடைய முதியோர் இல்லத்திலும் ஃப்ளூ. குடும்ப டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஒழுங்காகத்தான் கேட்டார். பயணம் போனீர்களா? போனோம், ஆனால் மழையே இல்லாத இடம், பாலைவனம். தடுப்புக் குளிசையைக் கடைசி வரை போட்டீர்களா?

“யா, யா” என்றேன், ஓம் ஓம் என்று.

இந்த “யா, யா” எனக்கு இந்த நாட்டில் வந்த நோய். பெர்மிட் கந்தோரில், பட்டறையில், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில், கேள்வி முடியுமுன் “யா, யா” சொல்லித்தான் நான் முப்பது வருசத்தை ஓட்டினேன். அன்றைக்குக் கேள்வி நன்றாக விளங்கியது. ஆனாலும் அந்தச் சொல் தானாக வந்தது. மருந்தைத் தானம் செய்துவிட்டு வந்தேன் என்று ஒரு டொக்டரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கத்தி, தான்தான் சாகும். நான் கத்தியதற்கு வதனி கிடந்தாள்.

நாளைக்கும் காய்ச்சல் இருந்தால் இரத்தம் எடுக்க வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அடுத்த நாள் காய்ச்சல் விட்டது. அவள் எழும்பி ரசம் வைத்தாள். நான் வேலைக்குப் போனேன். மலேரியா அப்படித்தானாம், விட்டுவிட்டு வருமாம். அதற்கு அடுத்த நாள் பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது, வதனி குளியலறைக் கதவடியில் இருந்துகொண்டு, “குழாயைப் பூட்டுங்கோ, தண்ணி போய்க்கொண்டிருக்கு” என்றாள். எல்லாக் குழாயும் பூட்டித்தான் இருந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு நாங்கள் போன அரை மணி நேரத்தில் மகள் தர்ஷிகாவும் ஓடி வந்தாள். இங்கேயே பிறந்தவள், கூரில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை. நரை விழுந்த ஒரு டொக்டர் அம்மா வந்து பயணத்தைப் பற்றி என்னிடம் கேட்டார். நான் பாலைவனம் பாலைவனம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அப்பா, மழை பெஞ்சதோ எண்டு அவ கேக்கேல்லை. தண்ணி நிண்டதோ எண்டு கேக்கிறா.”

தர்ஷிகா தன் போனை எடுத்து, நான் போட்ட அந்தப் படத்தைக் காட்டினாள். டொக்டர் அம்மா இரண்டு விரலால் பெருப்பித்துப் பார்த்தார். வதனியையும் அக்கீருவையும் அல்ல, அவர்களுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தார். “இது என்ன?”

அது வாய்க்கால் முடிகிற இடத்தில் மிச்சத் தண்ணீர் போய் விழுகிற பள்ளம். தண்ணீர் பாதையில் வழிந்து சேறாகாமல் இருக்க வெட்டியது. ஆடுகளும் வந்து குடிக்கும்.

“ஆர் வெட்டினது?” தர்ஷிகா தமிழில் கேட்டாள்.

“நான்தான்.”

அதற்குப் பிறகு குளிசைக் கதையையும் சொன்னேன். தர்ஷிகா அதை ஜெர்மனில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, “குடுத்திட்டு வந்தனீங்களோ? டொக்டருக்கு வேற பொய் சொன்னனீங்களோ?” என்று என்னைக் கேட்டாள். பிறகு மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். டொக்டர் அம்மா ஒரு வார்த்தையும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம். கண்ணாடித் தகட்டில் பூசி, சாயம் ஊற்றி, நுணுக்குக்காட்டியில் வைத்து எண்ணுவார்கள். வதனியின் இரத்தத்தில் நூறு சிவப்பணுவுக்கு ஏழில் கிருமி இருந்தது. ஏழுதானே என்று நினைத்தேன். ஒன்றிரண்டே பயப்பட வேண்டிய கணக்காம். கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து, பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். உடைந்தது எல்லாம் சிறுநீரகத்தில் போய் அடைக்கும். அதனால்தான் சிறுநீர் தேயிலைச் சாயம் போல வந்தது. மூளைக்குப் போகிற நுண்ணிய குழாய்களிலும் அடைக்கும். அதனால்தான் அந்தப் பிதற்றல்.

குழாய் அடைப்பெடுப்பது என் தொழில். எத்தனை வீட்டுக் குசினியில் குனிந்து எடுத்திருப்பேன். அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகுமுன் ஒரு தாதி வதனியின் தாலிக்கொடியைக் கழற்றி, வளையலோடு சேர்த்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பெயரும் இலக்கமும் ஒட்டி என் கையில் தந்தார். கழுத்தில் ஊசிக் குழாய் போடவேண்டும், அதற்காக. காரணம் எனக்கு விளங்கியது. ஆனாலும் பையைக் கையில் பிடித்தபடி கதிரையில் இருந்துவிட்டேன். தர்ஷிகா அந்தப் பையை என் ஜாக்கெட்டின் உள் பைக்குள் வைத்து, ஸிப்பை இழுத்துப் பூட்டி, “இது பத்திரமா இருக்கு அப்பா. அவ்வளவுதான். வேற ஒண்டும் யோசிக்காதேங்கோ” என்றாள். என்மேல் அவ்வளவு கோபத்தோடு இருந்தவள் அதைச் செய்தாள்.

நாலு நாள் அங்கே கிடந்தாள். நரம்பில் மருந்து ஏறியது. ஏதோ ஒரு செடியிலிருந்து எடுக்கிற மருந்தாம். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் இரத்தம் எடுத்து எண்ணினார்கள். ஏழு, அடுத்தது ஒன்பது. மருந்து ஏறத் தொடங்கின பிறகும் முதலில் கூடலாம், பயப்படாதீர்கள் என்றார்கள். நாங்கள் பயந்தோம். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்துபோய், ஊசி போட்ட இடமெல்லாம் நாவல் பழ நிறம். சிறுநீரகம் இன்னும் மோசமானால் மெஷினில் போடவேண்டி வரும் என்றார்கள். பிறகு, “பார்ப்போம்” என்றார்கள். இந்த நாட்டில் எனக்குப் பயம் தருகிற சொல் அதுதான். எல்லாவற்றுக்கும் நேரமும் நிமிடமும் சொல்கிறவர்கள் “பார்ப்போம்” என்றால், அவர்கள் கையிலும் ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

வதனி கண்ணை மூடிக்கொண்டு குழாயைப் பூட்டச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மூக்கில் வைத்த ஒக்சிசன் ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குள்ளால் குமிழி விட்டு வரும். அந்தச் சத்தமாக இருக்கும் என்று தர்ஷிகா சொன்னாள். இடையிடையே வதனி தாதிமாரைத் தமிழில் விசாரிப்பாள். “சாப்பிட்டனியோ மோனை? கால் நோகேல்லையோ?” அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. ஆனாலும் ஒரு தாதி ஒவ்வொரு தரமும் குனிந்து, திருமதி என்று மரியாதை வைத்து, “யா, யா, ஃப்ரௌ சிவராசா” என்பார். அந்த வாயிலிருந்து அந்த “யா, யா” எவ்வளவு நல்ல சொல்லாக இருந்தது!

வெளியே நடைக்கூடத்தில் நாலு கதிரை, ஒரு கோப்பி மெஷின், ஜன்னலில் பனி மூடிய கலாண்டா மலை. இரண்டாம் நாள் மைஸ்டர் வந்தார். எழுபத்தாறு வயது, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் பட்டறையில் சேர்ந்த முதல் கிழமை அவர் சொன்ன ஒரு வசனம் உண்டு: “தண்ணியைக் கொண்டுவர எவனாலும் முடியும். அனுப்பிவைக்கத் தெரிஞ்சவன்தான் தொழிலாளி.” கழிவு வழி போடாமல் ஒரு குழாயும் திறக்க விடமாட்டார். அப்படிப்பட்டவரும் அந்தப் பள்ளத்தைக் கண்டவர்தான். வெயிலில் காய்ந்துவிடும் என்று விட்டுவிட்டோம். இருவரும் அந்த ஊரைக் காய்ந்த ஊர் என்றே நினைத்தோம்.

அவருக்கும் எனக்கும் டொக்டர் அம்மா விளக்கினார். ஒரு தாள் துவாயில் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். அவர் பல வருசம் வறண்ட நாடுகளில் வேலை செய்தவர். நுளம்புக்கு மழை தேவையில்லை. வெயில் படுகிற, ஆழமில்லாத, பத்துப் பன்னிரண்டு நாள் அசையாமல் நிற்கிற தண்ணீர் போதும். ஆட்டின் குளம்பு பதிந்த குழியில் நிற்கிற தண்ணீரே ஒரு வீடு. முன்பு அந்த ஊரில் மழை பெய்த பிறகு சில கிழமைதான் நுளம்பு இருக்கும். பிறகு நிலம் காயும், நுளம்பும் சாகும். வாய்க்கால் வந்த பிறகு அதற்கு வருசம் முழுக்க மழைக்காலம். இன்னொன்றும் சொன்னார். எப்போதும் மலேரியா இருக்கிற ஊரில் வளர்ந்தவர்களின் உடம்பு அதைக் கொஞ்சம் தாங்கப் பழகியிருக்கும். காய்ந்த ஊர்க்காரருக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் புதிதாக வரும்போது பெரியவர்களையும் சேர்த்து அடிக்கும். எங்களைப் போல சின்ன வயதில் மலேரியா வந்து, பிறகு முப்பது வருசம் பனியில் இருந்தவர்களுக்கும் அந்தத் தாக்குப்பிடிப்பு போய்விடுமாம்.

“அப்ப வாய்க்கால் வெட்டினதே பிழையோ?” என்று கேட்டேன்.

இல்லை என்றார். சில இடங்களில் விளைச்சல் வந்து, கையில் காசு வந்து, நுளம்பு வலையும் மருந்தும் வாங்கி, நோய் குறைந்தும் இருக்கிறதாம். கிழமைக்கு ஒருதரம் வாய்க்காலை மூடிக் காயவிட வேண்டும், கடைசித் தண்ணீரைத் தேங்க விடக்கூடாது. “இந்த ரைன் பள்ளத்தாக்கிலயும் முந்திச் சதுப்புக் காய்ச்சல் இருந்தது. தண்ணிக்கு வழி விட்ட பிறகுதான் போனது” என்றார்.

மைஸ்டர் தாள் துவாயை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு, “பள்ளத்தை அடுத்த கூட்டத்து நிகழ்ச்சி நிரலில் போடுறன்” என்றார். அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டேன். சித்திரை கடைசியில். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த வழி அது.

நான் அன்றைக்கே அந்த ஊரில் வேலை பார்க்கிற எக்காலுக்குப் போன் போட்டேன். எங்களுக்கு உடைந்த ஆங்கிலம்தான் பாலம். பள்ளத்தை மூடு என்றேன். அவன் சிரித்தான். “சிவா, ஆடு எங்க குடிக்கும்? ஆத்தில முதலை. நீ வெட்டின பள்ளம் எண்டு எல்லாரும் உன்ர பேரைத்தான் சொல்லுகினம்.” பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, “இஞ்ச நிறையப் பேருக்குக் காய்ச்சல்” என்றான்.

மூன்றாம் நாள் கணக்கு இரண்டுக்கு இறங்கியது. நாலாம் நாள் பூச்சியத்துக்குக் கிட்ட. சிறுநீரும் தெளிந்தது. மெஷின் தேவைப்படவில்லை. வதனி கண் திறந்து தர்ஷிகாவைப் பார்த்து, “ஏன் இப்பிடி மெலிஞ்சு போனாய்?” என்றாள். மகள் அப்போதுதான் அழுதாள். நான் ஜாக்கெட்டின் ஸிப்பைத் திறந்து பிளாஸ்டிக் பையை வெளியே எடுத்தேன். கழுத்தில் இன்னும் குழாய். போட முடியாது. வதனி பையோடு அதை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

சாதாரண வார்டுக்கு மாற்றி, விழுங்குகிற மருந்து தொடங்கினார்கள். மூன்று நாளைக்கு ஆறு நேரம், ஒரு நேரத்துக்கு நாலு குளிசை. டொக்டர் அம்மா கட்டிலில் உட்கார்ந்து வதனியின் கையைப் பிடித்துச் சொன்னார்: “நல்லாயிட்டுது எண்டு தோணும். நம்பாதேங்கோ. மிஞ்சிக் கிடக்கிற கொஞ்சம் திரும்பப் பெருகும். கடைசிக் குளிசை வரைக்கும்.” சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் சுட்டது. எனக்கும் இரத்தம் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. ஒரே வலைக்குள் படுத்தோம். அவள் காலை நனைத்த கரைக்கு நான் பின்னேரங்களில் போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டுக்கு வந்த அடுத்த நாள் பகல், எக்காலின் குரல் செய்தி வந்தது. அக்கீருவின் பிள்ளைக்குத் திரும்பவும் கடும் காய்ச்சல். மருந்துச் சாவடிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். மலேரியா மருந்து முடிந்துவிட்டது, வியாழக்கிழமை லொறி வரும் என்றிருக்கிறார்கள். அன்றைக்குத் திங்கள். எக்காலின் குரலுக்குப் பின்னால் ஆடுகள் கத்தின. வதனி செய்தியை இரண்டு தரம் கேட்டாள்.

தர்ஷிகா பார்சல் அனுப்ப எத்தனை நாள் என்று போனில் தேடினாள். மிக விரைவான வழியிலும் அந்த ஊர் வரை போய்ச் சேராது. மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்து வாசித்தாள். அந்த எடைப் பிள்ளைக்கு ஒரு நேரத்துக்கு ஒரு குளிசை. ஆறு நேரம். நாங்கள் கொடுத்துவிட்டு வந்ததை அக்கீரு என்ன செய்தாள் என்று எக்காலிடம் கேட்கச் சொன்னாள் வதனி. கேட்டேன். “பிள்ளைக்கு உடைச்சுக் குடுத்தவள்” என்று மட்டும் பதில் வந்தது.

பொழுது படுகிற நேரம் கடைசி நேரத்துக்குரிய நாலு குளிசைகளை வதனி தகட்டிலிருந்து அமத்தி உள்ளங்கையில் எடுத்தாள். அப்போதுதான் இது நாலு நேரத்துக்குக் காணுமா என்று கேட்டாள். தர்ஷிகா கையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு கதவடியில் நின்றாள். ஆறு நேரம் வேண்டும், நாலு காணாது என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வதனி எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தாள். ஒரு குளிசையை நாக்கில் வைத்துப் பால் குடித்தாள். கண்ணீர் வடிந்தது. துடைக்கவில்லை. இரண்டாவது. மூன்றாவது. நாலாவது தொண்டையில் நின்றுவிட்டது. கழுத்தைத் தடவிக்கொண்டு மிச்சப் பாலையும் குடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, வாயைப் பெரிதாகத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.